மாலை வரை தாங்கும் மின்சாரம்

நாற்காலியின் மேல் ஏறி நின்று மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார் மூத்தவர். கூடத்தில் அவருடைய தம்பி குளிர்ப்பெட்டிக்குள் கிடந்தார். பெட்டியின் முனகல், தூரத்தில் ஓடும் ஆற்றின் சத்தம்போல் வீடெங்கும் பரவியிருந்தது. உச்சிவெயிலில் வந்தவர்கள் அதைக் கேட்டபடி பாதித் தூக்கத்தில் அமர்ந்திருந்தார்கள்.

“பொண்ணு வர்ற வரைக்கும் தாங்குமா மாமா?” கீழே நின்று கேட்டாள் தம்பி மனைவி.

“இந்த வீட்டுக்கு ஒரு நாளைக்கு எட்டு யூனிட்னு அவனே சொல்லிட்டிருப்பான். பெட்டியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுட்டேன். அவ சாயங்காலம் வந்து அப்பன் முகத்தைப் பார்த்த பிறகும் மிச்சம் இருக்கும்.”

பணத்தை முன்கூட்டிக் கட்டினால்தான் ஓடும் மீட்டர் அது. பணம் கட்டும் கடைக்கு இன்று விடுமுறை. அந்த வீட்டில் போனில் கட்டத் தெரிந்தவர் தம்பி ஒருவர்தான். அந்தப் போனைத் திறக்கும் எண்ணும் அவரோடு போய்விட்டது.

“பக்கத்து வீட்டுத் தையல்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா…”

“நம்ம வீட்டுச் சாவுக்கு அடுத்த வீட்டுக்காரன் கரண்ட் போடணுமா? வெளியில மூச்சு விடாதே.”

வெயில் சாயத் தொடங்கியபோது மறுபடி ஏறிப் பார்த்தார். அவர் போட்ட கணக்குக்கு இருமடங்கு வேகத்தில் எண்கள் இறங்கியிருந்தன.

“மீட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?”

“எட்டு யூனிட்டுங்கிறது அவர் எல்லார் பின்னாடியும் நடந்து அணைச்சு அணைச்சு வந்த கணக்கு மாமா,” என்றாள் அவள். “இன்னைக்கு யார் அணைச்சா?”

மூத்தவர் உள்ளே நடந்தார். குளியலறையில் விளக்கு எரிந்தது. வெந்நீர் கெய்சரின் சிவப்புக் கண் விழித்திருந்தது. படுக்கையறையில் ஆளில்லாக் கட்டிலுக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது எழுப்பிய காற்றில் கொடியில் தொங்கிய தம்பியின் வேட்டி மெல்ல அசைந்தது. ஒவ்வொன்றாக அணைத்தார். ‘கஞ்சப் பிசினாறி’ என்று தம்பியைப் பலர் முன்னால் கேலி செய்தவர் அவர்தான்.

மிச்சமிருந்தவை கூடத்து மின்விசிறிகள். துக்கம் கேட்க வந்தவர்களை வியர்க்க வைப்பதா? மீட்டர் கீச்சென்று எச்சரிக்கத் தொடங்கியது. வந்தவர்களில் சிலர் கண்விழித்து நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினார்.

தையல்காரர் அன்று மெஷினை மிதிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தார். “வாங்கண்ணே. உங்க கால் இந்த வாசப்படியில பட்டதே இல்லையே!”

மூத்தவர் வாய் திறந்தார். சுவருக்கு அப்பாலிருந்து மீட்டரின் கீச்சொலி முந்திக்கொண்டது.

“கரண்டா?” தையல்காரர் போனை எடுத்தார். “உங்க வீட்டு மீட்டர் நம்பர் எனக்கு மனப்பாடம். நானும் அவரும் ஒண்ணா உட்கார்ந்துதான் போடுவோம். யார் வீட்ல கம்மியா ஓடுதுன்னு பந்தயம் வேற. மனுஷன் ஒரு மாசமாவது தோத்துக் கொடுக்கணுமே! ஜெயிச்சதும் என் டீயைப் பிடுங்கிக் குடிப்பார்.”

மூத்தவர் முக்காலியில் உட்கார்ந்தார்.

“எத்தனை நாளைக்குப் போடட்டும்ணே?”

ஒரு நாளைக்கு இனி எவ்வளவு ஆகும் என்று அவர் யோசித்தார்.

“தெரியலப்பா,” என்றார்.

தையல்காரர் போனில் ஏதோ அழுத்தினார். சுவருக்கு அப்பால் கீச்சொலி நின்றது. தெருமுனையில் ஒரு டாக்ஸி திரும்பியது. தம்பி மகள் அதன் ஜன்னலோரம் நெற்றியைச் சாய்த்திருந்தாள். மூத்தவர் எழுந்திருக்கவில்லை. மேசைமேல் கிடந்த, யாருக்கோ தைத்து முடிக்காத சட்டையின் கைச்சுருக்கத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.