லிஜாவுக்கு நான் போட்ட டிக்

1

இந்தக் கதை ஒரு சொல்லில் தொடங்கியது என்றால் கேட்க நன்றாக இருக்கும். பொய். நான் செய்த பிழையில் தொடங்கியது.

கடற்கரைக் குடும்பங்களைக் கணக்கெடுக்கும் படிவத்தைத் தமிழாக்கச் சொன்னார்கள். 'வல்னரபிள்' என்ற சொல்லுக்கு 'எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்' என்று எழுதிவிட்டு, மனசு கேட்காமல் அகராதியைப் புரட்டினேன். அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் 'காயம்'. நம்மிடம் 'நொய்மை' இருக்கிறது, மென்மை, தளர்ச்சி. ஒருவர் காயம்படக்கூடியவர் என்றால், காயப்படுத்தக்கூடியவர் ஒருவரும் இருக்கவேண்டுமே? அவருக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

2

அன்று கடல் அமைதியாக

(வேண்டாம். எல்லாக் கதையிலும் கடல் அமைதியாகத்தான் இருக்கிறது.)

இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே ஓர் ஊர், பெயர் சொல்லமாட்டேன். அங்கே லிஜா. அவள் வீட்டு அடுக்களையைக் கடல் கொண்டுபோய்விட்டது. கணவர் ததேயுஸ் மீன்பிடித் தொழிலுக்குக் கடலில் போய் மூன்று வருடம். வள்ளமும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. வீடுவீடாகப் போய்ப் படிவத்தை நிரப்பியவனும் நான்தான். 'கணவர் இறந்தவர்' என்ற கட்டத்தில் டிக் விழுந்தால், மேட்டில் அரசு கட்டும் புது வீடுகளில் அவளுக்கு முன்னுரிமை. எனக்குத் தண்ணீர் எடுக்க அவள் உள்ளே போனபோது போட்டுவிட்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன், சத்தியமாக.

3

நான் கோலப்பன், வயல்காட்டுக்காரன். கடற்கரை வழக்கம் எனக்கு என்ன தெரியும்? கோயிலை ஒட்டிய ஊர் அலுவலகத்தில் பட்டியலின் நகல் கேட்டார்கள், கொடுத்தேன். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். மரித்தவர்களின் பெயர்களைக் கோயிலில் வாசிப்பார்கள். மூன்று வருடமாக லிஜா கணவரின் பெயரைக் கொடுக்கவே இல்லை. இந்த வருடம் யாரோ என் பட்டியலைப் பார்த்துச் சேர்த்துவிட்டார்கள். பத்து வயது மகள் ஜின்சியோடு நின்றவள், ததேயுஸ் என்று மைக்கில் வாசிக்கக் கேட்டாள்.

[இங்கே அவள் அழுததாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். நான் பார்க்கவில்லை.]

4

மறுநாள் நாகர்கோவிலில் என் வீட்டுக்கே வந்தாள்.

"எனக்க மாப்பிள மரிச்சு போனாருன்னு ஒங்களுக்கு ஆரு சொன்னது, சார்?"

"வீடு கிடைக்கட்டும்னுதான், லிஜா..."

"அப்பா செத்துட்டாரான்னு பிள்ள கேக்கா. நான் என்ன சொல்லட்டும்?"

"திருத்திரலாம். ஆனா வீடு போயிரும். அடுத்த மழைக்கு மிச்சத்தையும் கடல் எடுத்துரும்."

"எடுக்கட்டும். நாங்க மேட்டுக்குப் போயிட்டா, அவரு வந்து எந்த வீட்டத் தேடுவாரு?"

5

ததேயுஸ் திரும்பி வருவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன், எனக்கே பொய்யாகப் பட்டது. லிஜா மனம் மாறிப் புது வீட்டில் பால் காய்ச்சுவதாக இன்னொன்று. அது என் குற்றத்தைக் கழுவ நானே கொட்டிக்கொண்ட தண்ணீர். இரண்டையும் கிழித்தேன்.

திருத்த மனு மேசையில் இருக்கிறது. 'கணக்கெடுத்தவரின் பிழை' என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து வேண்டும். போட்டால், அந்தக் குழந்தை கடல் தொடும் சுவரோரம் படுத்துத் தூங்கும். போடாவிட்டால், அதன் அப்பனைக் கொன்றவன் நான். எனக்குக் கை வரவில்லை. பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், வாசகரே.

லிஜா மறுபடி வந்து எதிரே இருக்கிறாள். காப்பியைத் தொடவில்லை.

"ஒப்பு போடுங்க சார். நாலரை பஸ்ஸ விட்டா, பிள்ள அங்க தனியா இருப்பா."