நாற்பத்தோராம் இலக்கப் புல்

"கத்தரிக்கோல் எங்கையப்பா?" என்று குசினி வாசலில் நின்று கேட்டார் மேர்வின்.

"அது கறிக்கு. உங்கட புல்லுக்கில்லை," என்றாள் மனைவி மாகிரட்.

"நீரும் புல்லைத்தானே கறிக்கு வெட்டுறீர்?"

அவள் அப்போதுதான் கணவாய்க் கறிக்கு எலுமிச்சைப்புல் வெட்டி முடித்திருந்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் கத்தரிக்கோல் போய்விட்டது.

மேர்வின் துறைமுகத்தில் மூட்டைகளுக்கு இலக்கம் போட்டு ஓய்வுபெற்றவர். அதன்பிறகு புற்களுக்கு இலக்கம் போட்டார். எந்தப் புல் எந்தப் புல்லுக்குச் சொந்தம் என்று மரபணுவைக் கொண்டு வம்சம் வரையும் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றுக்குக் கரையோரப் புற்களை அனுப்பிக்கொண்டிருந்தார். அன்று உப்புவெளிக் கடற்கரையில் இராவணன் மீசைப் புல்லில் ஓர் இலையை வெட்டி, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட பொதிக்குள் வைத்து, 41 என்று எழுதித் தபாலில் சேர்த்தார். தபாற்கந்தோர்ப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் பிறகு எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோலையும் குறிப்புக் கொப்பியையும் ஒரு பைக்குள் போட்டு மாகிரட்டிடம் கொடுத்தார்கள்.

ஐந்து மாதம் கழித்து ஆய்வாளர் நிவேதிகா தொலைபேசியில் பேசினாள்.

"அன்ரி, அங்கிளின்ர நாற்பத்தொண்டு எங்களை நித்திரை கொள்ள விடுதில்லை. ஒரு மரபணுவைப் பாத்தா தினைக்குச் சொந்தம். மற்றதைப் பாத்தா சோளத்துக்குச் சொந்தம். ரெண்டும் கலந்த புல் இருக்கெண்டா உலகத்துக்கே புதுசு. அங்கிளின்ர பேரையே வைப்பமெண்டு பேராசிரியர் சொல்லுறார்."

கல்லறையில்கூட அந்தப் பெயர் இன்னும் பொறித்தாகவில்லை. மாகிரட் சுவரைப் பார்த்தாள். ஆணியில் கத்தரிக்கோல் தொங்கியது.

"எலுமிச்சைப்புல் ஆருக்குச் சொந்தம், பிள்ளை?"

"சோளத்துக்கு. ஏன் அன்ரி?"

ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டிருக்கலாம். ஆனால் மேர்வின் முப்பது வருடத்தில் ஒரு மூட்டைக்கும் பிழையான இலக்கம் போட்டவரில்லை.

"நான் கணவாய்க்கு எலுமிச்சைப்புல் வெட்டின கத்தரிக்கோலாலதான் அவர் அதை வெட்டினவர். கழுவேல்லை. அதின்ர சாறும் ஒட்டியிருக்கும்."



"அப்ப அதை ஆய்வில சேர்க்கேலாது, அன்ரி."

"ஓம். சேர்க்காதேங்கோ."

"அதே புல்லில திரும்ப வெட்டி அனுப்புவீங்களோ? புது பிளேட்டால."

மேர்வினின் கொப்பியில் இடம் இருந்தது: மீன்வாடித் தூணிலிருந்து கடல் பக்கமாக இருபத்திரண்டு எட்டு. மாகிரட் நடந்தாள். அவளுக்கு இருபத்தொன்பது எட்டு வந்தது. புல் அங்கேதான் நின்றது, கையிலும் குத்தியது.

முடிவு வந்தது. புல் தினைக்குத்தான் சொந்தம். ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நிவேதிகா பட்டியலையும் அனுப்பியிருந்தாள். 41க்கு நேரே, நீக்கப்பட்டது. 42க்கு நேரே, சேகரித்தவர் மாகிரட். இடம்: மீன்வாடித் தூணிலிருந்து இருபத்திரண்டு எட்டு.