பேட்டரியைக் கழற்றிய வண்டி

என் தங்கை மிரேலிஸ் இரண்டு வருடமாக என்னோடு பேசவில்லை. காரணம் ஒரு கேக். அவள் கல்யாணத்துக்கு நான் செய்த மூன்றடுக்கு கேக்கை என் கணவன் லியோனெலின் எலெக்ட்ரிக் பைக்கில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து ஏந்திக்கொண்டு போனேன். அவள் தெருவின் மேட்டில் பாதி ஏறியதும் வண்டி மூச்சு வாங்கி நின்று, பின்னால் உருண்டு, கேக் சாக்கடைக்குப் போனது. எங்கள் ஊர் சாந்தியாகோ முழுக்க மேடுதான் என்பது அவளுக்குத் தெரியாதா? இருந்தாலும் குற்றவாளி நான்.

போன வாரம் திடீரென்று போன் செய்தாள். "பாப்பாவுக்கு முதல் பிறந்தநாள். கேக்கை நீயே செய். இந்தத் தடவையும் கேக்கு வந்து சேரலைன்னா எனக்கு அக்கான்னு ஒருத்தி இல்லவே இல்ல." வைத்துவிட்டாள். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"உன் வண்டியை நம்பினா நான் நாசமாத்தான் போவேன்" என்றேன் லியோனெலிடம்.

"வண்டி நல்ல வண்டிதான்டி. பேட்டரிதான் கிழடு. மேட்டுல ஒரேயடியா இழுன்னா வோல்ட் படுத்துடுது" என்றான். பிறகு ஒரு பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய இருபத்திரண்டு சூப்பர் கெபாசிட்டர்களை மேசையில் கொட்டினான். ஒவ்வொன்றும் பெரிய டார்ச் பேட்டரி அளவு. வரிசையாகப் பற்றவைத்து, சீட்டுக்கு அடியில் பொருத்தி, கால் வைக்கும் இடத்தில் இருக்கும் பேட்டரியோடு இணைத்தான்.

"இதுல கரன்ட் ரொம்ப நேரத்துக்குத் தாங்காது. ஆனா கேட்ட மாத்திரத்துல மொத்தத்தையும் வாரிக் குடுக்கும். சமதரையில பேட்டரி இதை நிரப்பும். மேட்டுல இது பேட்டரிக்குக் கை குடுக்கும்."

"கேட்ட மாத்திரத்துலயா? நம்ம வீட்டுல அப்படி ஒண்ணு இருக்குறது நல்லதுதான்" என்றேன். அவனுக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை கரன்ட் மூன்று மணி நேரம்தான் இருந்தது. அதற்குள் பேட்டரியும் ஏறியது, கேக் மேல் பூச முட்டை வெள்ளையும் நுரையானது. எங்கள் ஊரில் கேக்குக்குப் பெட்டி கிடையாது. அட்டை மேல் வைத்துத் திறந்தபடியே மடியில் ஏந்திப் போவோம். "ஏம்மா, ஒரு துண்டு எறிஞ்சிட்டுப் போ!" என்று வழியெல்லாம் கத்தினார்கள். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மேடு வந்தது. பழைய இடம் நெருங்கியபோது கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி முனகவில்லை. யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல ஏறியது. கண்ணைத் திறந்தால் மிரேலிஸ் வீட்டு வாசல்! சந்தோஷத்தில் அவன் முதுகில் நெற்றியால் இரண்டு முட்டு முட்டினேன்.

வாசலைப் பார்த்து வண்டியை நிறுத்தியதும், ஊரில் எல்லாரும் செய்வதையே அவனும் செய்தான். என்னைக் கேக்கோடு பின்சீட்டிலேயே விட்டுவிட்டு, பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். தெருவில் விட்டால் திரும்பி வருவதற்குள் அது வேறொருவன் வண்டியில் இருக்கும். சாவியை அணைக்காமல் வண்டியிலேயே விட்டான். பேட்டரி இல்லாத வண்டியை யார் எங்கே ஓட்டிவிடப் போகிறார்கள்? சீட்டுக்கு அடியில் இன்னொன்று நிரம்பி உட்கார்ந்திருப்பது அவனுக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை.

மிரேலிஸ் வெளியே வந்தாள். கேக்கைச் சுற்றிப் பார்த்தாள். குறை ஒன்றும் கிடைக்கவில்லை.

"இறங்குக்கா. நான் பிடிச்சுக்கறேன்."

அக்கா என்றாள்! அட்டையை அவள் பக்கம் நீட்டினேன். அவள் இடது கையால் கேக் அட்டையைத் தாங்கி, வண்டி ஆடாமலிருக்க வலது கையால் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். அது ஆக்ஸிலேட்டர்.

வண்டி துள்ளியது. நான் ஒரு பக்கம் சரிந்தேன், கேக் ஒரு பக்கம் சரிந்தது. எட்டிப் பிடிக்க இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம். அவள் கேக்கை விட்டுவிட்டு என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வண்டி தனியாகப் போய் வாசல்படியில் மோதிச் சாய்ந்தது. துள்ளிய வேகத்தில் பறந்த கேக், அப்போதுதான் வெளியே வந்த லியோனெலின் மார்பில் முழுதாக அப்பிக்கொண்டது.

"அடி பட்டுச்சாக்கா?"

"கேக்கு..."

"கேக்கு கிடக்குது! அடி பட்டுச்சான்னு கேக்குறேன்ல!"

லியோனெல் விரலால் வழித்து நக்கினான். "எலுமிச்சை கொஞ்சம் தூக்கல்."

மிரேலிஸுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தெருவே சிரித்தது.

"பேட்டரியே இல்லாம எப்படி ஓடுச்சு அது?" என்றாள்.

"அதாவது மச்சினிச்சி, கெபாசிட்டர் என்ன பண்ணும்னா..."

"வாயை மூடு!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினோம்.

விருந்தாளிகள் கரண்டியோடு அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். பாப்பா அவன் சட்டைப் பையிலிருந்தே நுரையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டது.

"அடுத்த வருஷமும் நீதான் செய்யணும்" என்றாள் மிரேலிஸ். "ஆனா நடந்து வா."

சரி என்றேன். என் இடுப்பிலிருந்து அவள் கையை இன்னும் எடுக்கவில்லை.