பண்டாரவளையான்

பெட்டியைக் கூடத்தில் இறக்கி, மூடியை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்ததும் சிவபாக்கியம் கேட்ட முதல் கேள்வி, "பூனைங்க எங்க?" என்பதுதான்.

தம்பியின் முகத்தை அவள் இன்னும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பண்டாரவளையிலிருந்து பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தவள், பதுளையில் தம்பி வீட்டு மாடிப்படி ஏறியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். செத்த வீட்டில் பூனை நடமாடலாமா? பிணத்தை ஒரு தடவை தாண்டிவிட்டால் போதும், போகிற உயிர் போக வழி தெரியாமல் வீட்டையே சுற்றும் என்பது அவள் கணக்கு. அது கிடக்கட்டும், பார்த்த சனத்தின் வாயை யார் மூடுவது?

"காந்தி, ஒன் பூனைங்கள எங்க போட்டிருக்க?"

சந்திரகாந்தி கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். "படுக்கிற அறையில அண்ணி. கட்டிலுக்குக் கீழ."

"நல்லா போட்ட போ. அங்கதான் வர்ற சனமெல்லாம் பையி வைக்குது. கதவு ஆன்னு தொறந்து கெடக்கு."

சந்திரகாந்தி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பசறையிலிருந்து வந்த இரண்டு பெண்கள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தார்கள். அவளும் அழுதாள். முந்தாநாள் காலையில் முகம் கழுவப் போன மனுசன், குழாயைத் திறந்தபடி அப்படியே விழுந்துவிட்டார். தண்ணீர் ஓடுகிற சத்தம் நிற்கவே இல்லையே என்று இவள் அடுப்படியிலிருந்து திட்டிக்கொண்டே போனாள். "தண்ணிய என்னா சும்மாவா குடுக்குறாங்க?" அவர் காதில் கடைசியாக விழுந்தது அந்தப் பேச்சுதானா, அதுவும் விழவில்லையா என்று அவளுக்குத் தெரியாது. யாரைக் கேட்பது?

செத்துப்போன சிவஞானத்துக்குக் கடைத்தெருவில் மரக்கறிக் கடை. கீழே கடை, மேலே வீடு. பூனைகள் லட்டுவும் பூந்தியும் மாடியிலேயே பிறந்து மாடியிலேயே வளர்ந்த அக்காள் தங்கை. மண்ணில் கால் வைத்ததில்லை. சந்திரகாந்தி சோறு பிசைந்து வைத்தால் முள் இருக்கிறதா என்று மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுகிற ஜாதி.

பண்டாரவளையான் வந்தது கடைக்கு மரக்கறி ஏற்றிவந்த கோவா லொறியில். டிரைவர் மபாஸ் மூட்டைகளைத் தள்ளியபோது நடுவிலிருந்து ஒரு சாம்பல் கடுவன் எழுந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டது. ஒரு காது பாதிதான். முகம் தேர்தலில் தோற்ற ஆள் மாதிரி இருந்தது.

"மொதலாளி, இவரு பண்டாரவளையில ஏறுனவரு. டிக்கட் எடுக்கல," என்றான் மபாஸ்.

"எங்க அக்கா ஊரு ஆளா? அப்ப விருந்தாளிதான்," என்று சிவஞானம் அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டார்.

அன்று வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. லட்டு திரைச்சீலையின் உச்சிக்கு ஏறிக்கொண்டது. பூந்தியைப் பிடிக்கப் போன சிவஞானத்தின் கை முழுக்கக் கீறல். "இது இந்த வீட்டுல இருந்தா நான் மகன் வீட்டுக்குப் போயிருவேன்," என்று சந்திரகாந்தி கத்தினாள். அவர் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"சம்பந்தம் பேசுறதுன்னா சும்மாவா காந்தி? எடுத்த எடுப்புல மூஞ்சியக் காட்டுனா இப்படித்தான். மொதல்ல வாசன பழகணும். பொறகு சத்தம். மூஞ்சி கடைசிலதான்."

பிறகு மனுசனுக்கு வேறு வேலையே இல்லாமல் போனது. பின்னாலிருந்த வெங்காய அறையில் கடுவனை விட்டார். தான் உடுத்திய பழைய சாரம் ஒன்றை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை அதற்கும் மறு பாதியை இவற்றுக்கும் விரித்தார். காலையில் எழுந்ததும் இரண்டையும் மாற்றிப் போட்டார். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு, இந்தப் பக்கம் இரண்டு தட்டு. சீறல் குறைந்ததும் கதவின் நடுப் பலகையைக் கழற்றிவிட்டுக் கோழிக்கூட்டுக் கம்பி வலையை அடித்தார். கடை சாத்திவிட்டு வந்து பிளேன்டீயோடு அந்த வலைக்கு முன்னால் உட்கார்ந்தால், சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வரமாட்டார்.

அவர் குழாயடியில் விழுவதற்கு முந்தின சாயங்காலம் பூந்தி வலையோரமாகவே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்து, வாயை நக்கிவிட்டு, சீறாமல் எழுந்து போனது.

"பாத்தியா? பாத்தியா காந்தி? அடுத்த கெழம தொறந்து விட்றலாம்!"

"ஆமா, பெரிய கலியாணம்," என்றாள் சந்திரகாந்தி. ஆனால் அவளும் சிரித்துவிட்டாள். அவளுக்கும் அது திறக்கிற நாளைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

அடுத்த கிழமை அவருக்குக் கிடைக்கவில்லை. இந்த இரண்டு நாளில் யார் யாரோ வந்து என்னென்னவோ கேட்டார்கள், எங்கே எரிப்பது, என்ன சட்டை போடுவது என்று. எல்லாவற்றுக்கும் அவள் மகன் பக்கம் கையைக் காட்டினாள். அந்தக் கடுவனை எப்படியாவது இந்த வீட்டுப் பூனையாக்கிவிட வேண்டும் என்ற ஒரு நினைப்பு மட்டும் அவளுக்குத் தெளிவாக இருந்தது. அதை யாரிடம் சொல்ல முடியும்? புருசனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பூனைக்கு வழக்குப் பேசுகிறாள் என்றால் ஊர் சிரிக்காதா?

ஆனால் அவள் தலைக்கு மேலேயே தீர்ப்பு நடந்துகொண்டிருந்தது.

"பின்னால ஒரு பீடை கெடக்கே, அத மொதல்ல அனுப்பணும்," என்றாள் சிவபாக்கியம் தம்பி மகனிடம். "அது கால் வச்ச நேரந்தான் என் தம்பியக் கொண்டு போச்சு."

கொழும்பிலிருந்து வந்திருந்த இந்திரஜித்துக்கு ஆயிரம் வேலை. "சாவுக்கு மபாஸும் வந்திருக்கான் அத்த. எடுத்து முடிஞ்சி போறப்ப ஒரு அட்டப்பெட்டியில போட்டு லொறியில ஏத்திருவோம். வந்த எடத்துக்கே போகட்டும்."

சந்திரகாந்தி நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டான்.

கீழே தப்பு முழங்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து சிவபாக்கியம் கூடத்தின் ஓரமாக நடந்து போனாள். கையில் ஒரு சாக்கு. சாக்குக்குள்ளே இரண்டு உருவங்கள் நெளிந்தன. அவள் போன திக்கைச் சந்திரகாந்தி பார்த்தாள். பின்னால் பூட்டு உள்ள அறை ஒன்றுதான் இருக்கிறது, கடுவன் கிடக்கிற வெங்காய அறை.

"அண்ணி! அங்க வேணாம் அண்ணி!"

தப்புச் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை. பூனைக்குப் பூனை, அதில் என்ன வித்தியாசம் என்று சிவபாக்கியம் நினைத்திருப்பாள். வலைக் கதவைத் திறந்து, சாக்கை உள்ளே உதறி, சங்கிலியை மாட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு திரும்பினாள்.

ஒரு அலறல் கேட்டது. பின்னாலேயே தட்டு ஒன்று உருண்ட சத்தம்.

சந்திரகாந்தி எழுந்தாள். நாலைந்து கைகள் அவளைப் பிடித்து இழுத்தன.

"உட்காரு ஆத்தா, உட்காரு."

"விடுங்க, நான் உள்ள போகணும்!"

"ஐயோ பாவமே! உள்ள போயி அவரத் தேடுறாளே! அவரு இந்தா இருக்காரு பாரு ஆத்தா, இந்தா படுத்திருக்காரு!"

"அவரு இல்ல! விடுங்கன்னா!"

"அவரு இல்லங்கிறாளே, நம்ப மாட்டேங்கிறாளே!" என்று ஒருத்தி மார்பில் அடித்துக்கொள்ள, கூடமே சேர்ந்து அழுதது. கீழே நின்ற ஆண்கள்கூடப் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்கள். உதறிக்கொண்டு போகப் பார்த்தவளை இன்னும் இறுக்கிப் பிடித்து, நெற்றியில் தண்ணீர் தெளித்தார்கள். அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

பக்கத்துப் புடவைக் கடை முஷ்ரிபாதான் கடைசியில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாதென்று காலையிலிருந்து தேத்தண்ணியும் பாணும் சம்பலும் அவள் வீட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. இவர்கள் கதிர்காமம் போகும்போது லட்டுவையும் பூந்தியையும் பார்த்துக்கொள்வதும் அவள்தான்.

"என்னாக்கா?"

"மூணையும் ஒண்ணாப் போட்டுட்டாங்க," என்று சந்திரகாந்தி அவள் காதோடு சொன்னாள்.

முஷ்ரிபா தேத்தண்ணிப் பிளாஸ்கை அங்கேயே வைத்துவிட்டுப் பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் வலைக்கு உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"நான் உள்ள இருக்கேன்க்கா! இப்பத் தொறந்தா பாஞ்சிரும். எடுக்குற வரைக்கும் நான் இப்படியே இருக்கேன், நீங்க அண்ணனப் பாருங்க."

நீங்க அண்ணனப் பாருங்க. சந்திரகாந்தி பெட்டிப் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் அப்போதுதான் பார்த்த மாதிரி இருந்தது. பிணத்தைப் பெட்டியில் வைத்துக் கொடுத்த மலர்ச்சாலைக்காரர்கள் முகத்துக்குப் பவுடர் பூசி, தலையை அவர் வாராத பக்கம் வாரியிருந்தார்கள். நெஞ்சின் மேல் கோர்த்து வைத்த கையில் பூந்தியின் கீறல் அப்படியே தெரிந்தது. ஒரு கோடு ஆறிப் பொருக்கு உதிர்ந்திருந்தது. இன்னொன்று ஆறவில்லை. இனி அது ஆறப் போவதில்லை என்று தோன்றியதும் அவள் அந்தக் கையின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு நாளாக அழுததெல்லாம் அழுகையே இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

வாய்க்கரிசி போட்டார்கள். பெட்டியை மூடி, குறுகலான படியில் திருப்பித் திருப்பி இறக்கினார்கள். தப்புச் சத்தம் கடைத்தெருவைத் தாண்டித் தேய்ந்து போனது. பெண்கள் மட்டும் வீட்டில் நின்றார்கள்.

சிவபாக்கியம் மறுபடி தலைப்பைச் செருகிக்கொண்டாள். ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள் வீட்டைக் கழுவி விளக்கேற்ற வேண்டும். அவர் படுத்த பாய், தலையணை, கடைசியாக உடுத்த துணி எல்லாம் கீழே போயின. வெங்காய அறை வலைக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகக் கிடந்த சாரத்தின் இரண்டு பாதிகளையும் அள்ளிக்கொண்டு வந்தாள்.

"செத்தவரு துணி வீட்டுல கெடக்கக் கூடாது."

சந்திரகாந்தி தடுக்கவில்லை. தடுக்கத் தெம்பில்லை. அவர் பழக்கிய வாசனையெல்லாம் அந்தச் சுருட்டோடு போகிறது என்று மட்டும் நினைத்தாள். மஞ்சள் தண்ணீர் வாளி வாளியாக வந்தது, அதற்கு மேல் பினாயில். சுவரோரம், கதிரைக் கால், கதவடி என்று ஓரிடம் விடாமல் தேய்த்துத் தள்ளினார்கள். லட்டு கன்னத்தை உரசி உரசித் தன்னுடையதாக்கி வைத்திருந்த கட்டில் காலையும்கூட விடவில்லை.

முஷ்ரிபா வெளியே வந்தாள். முக்காடு முழுக்க வெங்காயச் சருகு.

"சண்ட ஒண்ணுமில்லக்கா. மொத ஒரு தடவ கத்துனதுதான். தப்பு அடிக்க அடிக்க மூணும் நடுங்கிக்கிட்டு மூணு மூலையில இருந்திச்சி. ஒண்ண ஒண்ணு பாக்கவே நேரமில்ல."

அவள் பின்னாலேயே பூந்தி வந்தது. வாசலில் நின்று ஈரத் தரையை மோந்தது. இது தன் வீடுதானா என்று அதற்குச் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும். காலைத் தூக்கித் தூக்கி உதறிக்கொண்டு, விருந்துக்கு வந்த வீட்டில் நடப்பதுபோல் சுவரோரமாகவே நடந்தது. லட்டு அதன் வாலைத் தொட்டபடி வந்தது. இரண்டும் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, எதையோ தேடுகிற மாதிரி மூக்கைத் தூக்கின. மஞ்சளையும் பினாயிலையும் தவிர அங்கே வேறு வாசனையே இல்லை.

ஆண்கள் திரும்பி வந்து காலைக் கழுவிக்கொண்டு படியேறினார்கள். இந்திரஜித் மொட்டைத் தலையோடு, கையில் அட்டைப்பெட்டியோடு நின்றான்.

"அம்மா, மபாஸ் கீழ நிக்கிறான்."

"லொறிய அனுப்பிரு."

"பூனைய..."

"லொறிய மட்டும் அனுப்பு."

"அத்த சொல்றாங்கம்மா, அது வந்த நேரம்..."

"இன்னைக்கி இந்த வீட்ட விட்டு ஒரு ஆளு போனது போதும்டா," என்றாள் சந்திரகாந்தி.

இந்திரஜித் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். பிறகு அட்டைப்பெட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினான். லொறி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

கடுவன் வெங்காய அறை வாசலில் வந்து நின்றது. ஈரத்தைப் பார்த்து ஒரு காலைத் தூக்கியது, வைத்தது. பூந்தி திரும்பிப் பார்த்துச் சீற வாயைத் திறந்து, பாதியில் தும்மியது. பிறகு குனிந்து தன் ஈரப் பாதத்தை நக்க ஆரம்பித்தது.

"பதினாறு வரைக்கும் வீட்டுல மீனு கருவாடு கெடையாது," என்றாள் சிவபாக்கியம் யாரையும் பார்க்காமல். "தெரியுமா அவனுக்கு?"

"எங்க வீட்டுல வந்து திங்கட்டும்," என்றாள் முஷ்ரிபா.

கடுவன் சுவரோரமாக நடந்து வந்தது. வழியில் சிவபாக்கியம் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தாள். அது போக அவள் விளக்குமாற்றைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடித்தாள்.