இடைவெளியில் தேங்கியது

சலவைக்கடைக்காரரின் மனைவிக்குச் சில நாளாகவே விடாத இருமல். ஓட்டல் விரிப்புகள் சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும். சீக்கிரம் கேட்கட்டும் என்று, காலையில் அவர் இருமல் மருந்தைச் சொன்ன அளவுக்கு இரண்டு மடங்காக ஊற்றிக் கொடுத்தார். மதியமும் அப்படியே.

இஸ்திரி மேசை முன் நின்றவளுக்குத் திடீரென்று தாடை கிடுகிடுவென ஆடியது. உடம்பு வியர்வையில் தொப்பலாய் நனைந்தது. கால்கள் தன்பாட்டுக்கு உதறத் தொடங்கின.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில், டாக்டரம்மா அவளுடைய பாதத்தை மேல்நோக்கி ஒரு தள்ளு தள்ளினார். கையில் பிடித்திருக்கும்போதே அது படபடவென்று துள்ளியது. கண்மணிகள் விரிந்திருந்தன. உடம்பு கொதித்தது. இருமல் மருந்தை இரண்டு மடங்காகக் கொடுத்ததைக் கடைக்காரர் சொன்னார்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"இல்ல" என்றாள், பல் கிட்டிக்க.

கால்மாட்டில் நின்ற மாமியார் முந்திக்கொண்டார். "சம்பந்தி வீட்டுல ஆயிரம் குறை இருக்கட்டும் டாக்டர். பொண்ணுக்கு மட்டும் நோய்நொடி கிடையாது. தலைவலின்னாகூட மாத்திரையைத் தொடமாட்டா."

"சும்மா இரும்மா" என்றார் கடைக்காரர்.

சட்டைகளிலிருந்து உதிரும் பொத்தான்களைப் போட்டுவைக்கும் டப்பாவில், முன்பொரு நாள் ஒரு மாத்திரை அட்டை அவர் கையில் தட்டுப்பட்டது. மருந்துக்கடையில் காட்டினார். மனச்சோர்வுக்குக் கொடுப்பது என்றார்கள். குழந்தை கலைந்த பிறகு சுவரைப் பார்த்தே கிடந்தவள், கொஞ்ச நாளாகத்தான் வேலைக்கு நடுவே பாட்டு முணுமுணுக்கத் தொடங்கியிருந்தாள். அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். எதிர்வீட்டுப் பெண் இதே மாதிரி மாத்திரை சாப்பிட்டதற்கு, "மூளை கலங்கினவ" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தது அவருக்கு மறக்கவில்லை. மனைவிக்கும் மறந்திருக்காது.

"உடம்பெல்லாம் முறிக்குது" என்று அவள் முனகினாள்.

"சிஸ்டர், வலிக்கு அந்த ஊசியை எடுங்க" என்ற டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். "இருமல் மருந்து மட்டும்னா கால் இப்படித் துள்ளக் கூடாதே."

நர்ஸ் மருந்துக் குப்பியின் கழுத்தை உடைத்தாள். மனைவி கடைக்காரரைப் பார்த்தாள். அவருக்கு எதுவும் தெரியாது என்ற நம்பிக்கை இன்னும் அந்தக் கண்ணில் இருந்தது.

"சாப்பிடுறா" என்றார் கடைக்காரர். "மனச்சோர்வு மாத்திரை. தினமும்."

"ஊசி வேண்டாம் சிஸ்டர், கீழ வைங்க" என்று டாக்டரம்மா சட்டென்று சொன்னார்.

குளுக்கோஸ் ஏற்றியபடியே, துடிப்பை அடக்கும் மருந்தைச் செலுத்தியபடியே, அவர் விளக்கினார். "மூளையில ஒரு செல்லும் அடுத்த செல்லும் ஒட்டிக்கிட்டு இருக்காது. நடுவுல ரொம்பச் சின்ன இடைவெளி. இந்தப் பக்கத்துச் செல் அதுல ஒரு ரசாயனத்தைக் கொட்டும், செரட்டோனின்னு பேரு. அந்தப் பக்கத்துச் செல் அதைப் பிடிச்சாத்தான் சேதி போய்ச் சேரும். சேதி சொன்னதும், கொட்டின செல்லே மிச்சத்தை உறிஞ்சிக்கும். இவங்க மாத்திரை அந்த உறிஞ்சுறதைக் கொஞ்சம் தடுக்குது. சோர்ந்து கிடந்த சேதி நல்லாப் போகுது. நீங்க கொடுத்த இருமல் மருந்தும் அதே வழியை அடைக்கும். அதையும் அளவுக்கு மேல கொடுத்துட்டீங்க. உள்ள தேங்கிப்போய், ஓயாம சேதி அடிச்சுக்கிட்டே இருக்கு. கால் துள்ளுறது அதனாலதான். அந்த வலி ஊசியும் இதே வேலையைத்தான் செய்யும். போட்டிருந்தா..." முடிக்காமல் மானிட்டரைப் பார்த்தார்.



"எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்று மனைவி கடைக்காரரைக் கேட்டாள்.

"ரொம்ப நாளா."

"கேக்கவே இல்லையே நீங்க."

"கேட்டா நிறுத்திடுவியோன்னு பயம். வாயைத் திறந்து கேட்டிருந்தா, அதோட எதைக் கொடுக்கலாம்னு உன் டாக்டர்கிட்ட விசாரிச்சிருப்பேன். காலையில அந்த மருந்தை ஊத்தியிருக்க மாட்டேன்."

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பொத்திப் பொத்தி வச்சிருக்காங்க பாரு, ரெண்டு பேரும்" என்றார் மாமியார், யாரையும் பார்க்காமல். பிறகு டாக்டரம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார். "அந்த மாத்திரையை அவ மறுபடி எப்பத் தொடங்கலாம்?"

"இப்போதைக்கு வேண்டாம். இது முழுசா இறங்கட்டும், பார்த்துச் சொல்றேன்."

கடைக்காரர் போர்வைக்கு மேல் மனைவியின் பாதத்தில் கை வைத்தார். இன்னும் துள்ளியது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.