அழியாத மஞ்சள்

என் அக்கா மகள் வர்ஷினியை, அக்காவோடு, வம்படியாகக் கோயமுத்தூருக்கு வரவழைத்தது நான்தான். மழைக்காலம் போயும் அவளுக்கு இருமல் போகவில்லை. அக்கா வீட்டில், பவானிக்குப் பக்கத்தில், மஞ்சள் விவசாயம். வேகவைத்து, காயப்போட்டு, மெருகேற்றுவதெல்லாம் அங்கேயே. அந்தத் தூசுதான் காரணம் என்று ஆளாளுக்குக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆர்.எஸ்.புரத்தில் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டரம்மா நெஞ்சைச் சோதித்துவிட்டு வர்ஷினியின் விரலைப் பிடித்துப் பார்த்தார்.

"நகம் எவ்வளவு நாளா இப்படி மஞ்சளா இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏனுங்க டாக்டர், மஞ்சக்காட்டுக்காரங்க ஊட்டுல நகம் வெள்ளையாவா இருக்கும்? எங்கக்கா கையையும் பாருங்க. இருமலுக்கு வந்தா நகத்தைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறீங்களே!"

"சித்த சும்மா இரு அம்மணி," என்று அக்கா என்னைக் கிள்ளினாள்.

டாக்டர் கோபப்படவில்லை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அக்காவின் கட்டைவிரலைத் துடைத்தார். பஞ்சு மஞ்சளானது, நகம் வெளுத்தது. வேறு பஞ்சு எடுத்து வர்ஷினியின் நகத்தை அழுத்தித் துடைத்தார். பஞ்சில் ஒன்றுமே ஒட்டவில்லை. நகம் அப்படியே மஞ்சளாக, தடித்துப் போய் இருந்தது.

அட ஆண்டவா! நாங்கள் எல்லோரும் தினமும் பார்த்த நகம்தானே அது!

அடுத்து அவள் பாதத்தை அழுத்தினார். குழி விழுந்தது. பிள்ளை சதை போட்டிருக்கிறாள் என்று அக்கா பெருமைப்பட்ட கால். எக்ஸ்ரேயில் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது.

"மஞ்சள் நக நோய்னு சொல்லுவோம். குழந்தைகளுக்கு வர்றது ரொம்ப அபூர்வம். உடம்புல நிணநீர் சரியா வடியாம கால்லயும் நெஞ்சுலயும் தேங்குது. உடனே நீரை எடுக்கணும். விட்டா மூச்சுக்கே ஆபத்து."

"எம்புள்ள பொழச்சுக்குவாளுங்களா?" அக்கா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துட்டா மூச்சு நல்லா வரும். ஆனா மறுபடியும் தேங்கலாம். விடாம பார்த்துட்டே இருக்கணும்."

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, விலாவில் ஊசி செலுத்தி நீரை எடுத்தார்கள். எல்லாம் முடிந்து கட்டிலில் படுக்கவைத்தபோது வர்ஷினி ஒருமுறை நன்றாக மூச்சை இழுத்தாள். கண்ணை அகல விரித்து மறுபடியும் இழுத்தாள்.

"சித்தி, வலிக்கவே மாட்டேங்குதுங்க!"

"இத்தனை நாளா வலிச்சுதா கண்ணு? ஏன் சொல்லல?"

"மூச்சு உட்டா எல்லாருக்குமே வலிக்கும்னு நெனச்சுட்டேனுங்க."