அம்மாவின் அகலம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. இது கொஞ்சம் பொல்லாத கதை, ஆனால் கேட்கிறவர்களைக் கடிக்காது. ஒரு படத்தை இழுத்து அகலமாக்கிய அண்ணனையும், அதைச் சரியாக்கியே தீருவேன் என்று நின்ற தங்கையையும் பற்றிச் சொல்கிறேன்.

அம்மா இறந்த மாதமே தங்கை மறுபடி அண்ணன் வீட்டுக்கு வந்தாள். கூடத்துச் சுவரில் படம் மாட்டியிருந்தது. செருப்பைக் கழற்றவும் மறந்து நின்றுவிட்டாள். அவள் போனில் எடுத்து அண்ணனுக்கு அனுப்பிய படம்தான். ஜன்னலோரம் நாற்காலியில் அம்மா, மடியில் கைகள். ஆனால் இது யார்? கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. தோள் பீரோ அகலத்துக்கு விரிந்திருந்தது. கைக்கடிகாரத்தின் வட்டம் முட்டையாகப் படுத்திருந்தது.

நடந்தது இதுதான். பரணில் அருவிப் படம் போட்ட பழைய சட்டம் ஒன்று கிடந்தது. படுத்தவாக்கில் நீளமான சட்டம். புதிது எதற்கு என்று அண்ணன் அதையே துடைத்து எடுத்தான். அம்மா படமோ நின்றவாக்கில் உயரமானது. கம்ப்யூட்டரில் அதன் ஓரத்தைப் பிடித்து, சட்டம் நிறையும் வரை இழுத்துவிட்டான்.

அதுவரைக்கும் அது அறியாமல் செய்ததுதான். ஆனால் துக்கம் கேட்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, "கடைசி வரைக்கும் பூசினாப்புல இருந்திருக்காங்களே, நல்லா வச்சுப் பாத்திருக்கீங்க" என்றார்கள். அண்ணன் மறுக்கவில்லை. அண்ணி அந்தப் பாராட்டை மிட்டாய் மாதிரி கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள்.

அம்மா எலும்பும் தோலுமாகப் போனது தங்கைக்குத் தெரியும். பின்னறையில் அம்மாவுக்கு ஒருவேளைச் சாப்பாடுதான். இன்னொரு கரண்டி கேட்டால் அண்ணி பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். அம்மா கேட்பதையே விட்டுவிட்டாள்.

"இதை எடுத்துடு. இது அம்மா இல்ல."

"அம்மா இல்லாம பக்கத்து வீட்டுக்காரியா? நாலு பேரு நல்லா இருக்குன்னு சொல்றாங்க. உனக்கு எங்க எரியுது?"

"சாப்பாடு போட்டுத் தேத்த முடியல, கம்ப்யூட்டர்ல தேத்திட்டியா?"

அண்ணி சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். "அவ்ளோ பாசம் இருந்தா கூட்டிட்டுப் போயிருக்கலாமே. எப்பவாவது வந்து போட்டோ எடுத்துட்டுப் போனா பொண்ணா?"

அது சுருக்கென்று தைத்தது. பொய்யாக இருந்தால் தங்கை பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பாள். படியிறங்கினாள்.

தெருமுனையில் ஒரு பிரிண்ட் கடை. அதே சட்டத்தின் அளவைச் சொன்னாள், அண்ணனுக்குச் சாக்கு இருக்கக்கூடாது என்று.

"மெசேஜ்ல அனுப்புனது வேண்டாம்மா, பெருசாக்கினா கட்டம் கட்டமா உடையும். போன்ல எடுத்ததை அப்படியே குடுங்க" என்றாள் கடைக்காரி. படத்தின் மேல் ஒரு கட்டத்தை வைத்து மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். "சட்டம் முழுக்க நிறையணும்னா வெட்டணும். முகத்தை வச்சா கை போயிடும்."

"கை வேணும்."

"இழுத்தா..."

"இழுத்ததைப் பாத்துட்டுதான் வரேன்."

கடைக்காரி சிரித்தாள். "அப்ப உயரத்தை மட்டும் சட்டத்துக்குச் சரியா வைக்கிறேன், அகலம் தானா அதுக்கேத்தபடி வரும். ரெண்டு பக்கமும் வெள்ளையா விட்டுடலாம்."

தாள் மெதுவாக வெளியே வந்தது. வெள்ளைக்கு நடுவே ஒடுங்கிய அம்மா. மணிக்கட்டில் கடிகாரம் வளையல்போலத் தொங்கியது. கடைக்காரி ஓரத்தை ஒட்ட வெட்டிவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

"ரொம்ப நாளா உடம்பு முடியலையா இவங்களுக்கு?"

"பசி" என்றாள் தங்கை.

அவள் திரும்பியபோது கூடத்தில் அத்தை உட்கார்ந்திருந்தாள், செத்துப்போன அப்பாவின் அக்கா. முழங்கால் வலியால் இப்போதுதான் வர முடிந்ததாம். "என் தம்பி பொண்டாட்டிய அவ புள்ள ராணி மாதிரி வச்சிருந்திருக்கான்" என்று படத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தங்கை புதுப் படத்தை மேசையில் வைத்தாள். அண்ணன் அதைக் கவிழ்த்தான். அவள் நிமிர்த்தினாள். அவன் மறுபடி கவிழ்த்தான்.

"என் வீட்டுல வந்து அழிச்சாட்டியம் பண்ணாத."

"அம்மாவைப் பாக்க உனக்கு அவ்ளோ பயமா?"

அத்தை கைத்தடியை ஊன்றி எழுந்து வந்தாள். தாளைத் தானே திருப்பினாள். அதையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே நாற்காலி. ஒரே புடவை. எதுடா நெசம்?"

அண்ணிதான் முந்திக்கொண்டாள். "நாங்க குடுத்தோம் அத்தை, அவங்கதான் சாப்பிடல."

"அப்படின்னா இதை மாட்டுங்க. குடுத்தவங்களுக்கு என்ன கூச்சம்?"

அத்தை தாளை அண்ணனிடம் நீட்டினாள். சமையலறையில் குழாய் சொட்டியது.

"மாட்ட மாட்டேன்" என்றான் அண்ணன், தரையைப் பார்த்து.

"எனக்குப் பதில் கெடைச்சிடுச்சு" என்றாள் அத்தை. பிறகு தங்கை பக்கம் திரும்பினாள். "நீ மட்டும் ரொம்ப நிமிர்ந்து நிக்காத. படம் எடுத்தப்ப உன் கண்ணு எங்க போச்சு?"

தங்கையால் நிமிர்ந்தே நிற்க முடியவில்லை. அத்தை புதுப் படத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அந்த முகத்தை மாட்ட அவள் வீட்டில் ஒரு சுவர் இருந்தது.

அன்றோடு அண்ணனும் தங்கையும் பேச்சை விட்டார்கள். அகலமான அம்மாவும் சுவரில் நிலைக்கவில்லை. அடுத்து வந்த ஒருவர் அண்ணாந்து பார்த்து, "நல்லா..." என்று ஆரம்பித்ததுமே அண்ணன் நாற்காலி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றிவிட்டான். வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை.

சரி, எழுந்து போய்ச் சாப்பிடுங்கள், என் கண்ணுகளா. உங்கள் வீட்டில் வயதானவர்களின் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி விழட்டும். அவர்கள் இருக்கும்போதே முகம் பார்க்க உங்களுக்கு நேரம் வாய்க்கட்டும். உங்கள் குடும்பம் நிறைந்து வாழட்டும்.